கறள் பிடித்த மடக்குச் சவரக்கத்தியை வீட்டிலேயே மீட்டெடுத்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் றங்குப்பெட்டியொன்றைக் கிளறும்போது, காணி உறுதிகளுக்கும் மங்கிப்போன படங்களுக்கும் அடியில் மடக்குச் சவரக்கத்தியொன்று அகப்படுவது அபூர்வமன்று. மலாயாவில் புகையிரதப் பகுதியிலோ அரச எழுதுவினைஞர் சேவையிலோ வேலை பார்த்து, இளைப்பாறி ஊர் திரும்பிய தலைமுறையினர் கொண்டுவந்த பொருட்களில் அதுவும் ஒன்றாக இருந்தது. அவற்றிற் பல இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரிலோ ஜேர்மனியின் சோலிங்கன் நகரிலோ செய்யப்பட்டவை. என்னிடம் இருப்பது அம்மப்பாவின் கத்தி. அது கைக்கு வந்தபோது அலகு முழுவதும் செம்மண் பூசியதுபோலக் கறள் படிந்திருந்தது. மடக்கினால் திறக்காது, திறந்தால் மடங்காது.

இக்கத்திகளைப் புதியனபோல மினுக்குவது பெரிய வேலையன்று. உருக்கை வீணாகக் கழிக்காமல், கையையும் வெட்டிக்கொள்ளாமல், மீண்டும் சவரம் செய்யக்கூடிய நிலைக்குக் கொண்டுவருவதே வேலை. இவ்வழிகாட்டியில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: இன்னும் எடுக்க வேண்டுமா, அல்லது இத்துடன் நிறுத்தலாமா? பெரும்பாலான வேளைகளில் நிறுத்துவதே சரி.

கத்தியின் உறுப்புகள்

பின்வரும் பெயர்களை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே வாசிப்பது இலகு. தடித்த மேற்பக்கம் முதுகு. மெல்லிய கூரான பக்கம் வாய். இரண்டுக்கும் இடைப்பட்ட தகடு அலகு. அலகு காம்பாக ஒடுங்கி, பெருவிரல் வைக்கும் வாலில் முடிகிறது. அலகின் காம்புப்பக்க முனை குதி, மறுமுனை மூக்கு. அலகு மடங்கி உள்ளே போகும் இரண்டு பட்டைகளும் சேர்ந்தது பிடி. பட்டைகளை அலகோடு இணைப்பது ஆணி. மறுமுனையில் பட்டைகளுக்கிடையே இருக்கும் சிறு துண்டு ஆப்பு. வாயின் இரு பக்கமும் கல்லில் தீட்டப்பட்டு உண்டாகும் மயிரிழை அகலச் சரிவைச் சாய்முகம் என்பேன். கத்தியின் அகலத்தை அங்குலத்தின் எட்டுக் கூறுகளிற் சொல்வது வழக்கம். 5/8, 6/8 என்பவையே அதிகம் காணப்படும் அளவுகள்.

காம்பில் பொறித்த எழுத்துகளைப் பூதக்கண்ணாடியால் வாசியுங்கள். வேற்றுநாட்டுப் பொருட்கள் பிரித்தானியச் சரக்கென்று மயங்கும்படி விற்கப்படுவதைத் தடுக்க 1887ஆம் ஆண்டில் பிரித்தானியா வணிகக் குறிச் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. ஆகவே ஜேர்மனி என்று நாட்டின் பெயர் தாங்கிய கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. ஜில்லெட் தமது பாதுகாப்புச் சவரக்கருவிக்கு 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பின்னர் மடக்குக் கத்தியின் வீட்டுப் பாவனை சிறிது சிறிதாகக் குறைந்தது. அந்த எழுத்துகளும் குறிகளும் கத்தியின் பிறப்புச் சான்றிதழ். அவற்றின்மேல் அரத்தாளைத் தேய்த்து அழித்துவிட்டுப் பின்னர் வருந்துவோரைக் கண்டிருக்கிறேன்.

மீட்கத் தகுந்ததா?

முதலில் அலகைத் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே வாயைப் பிடித்துப் பாருங்கள். அலகின் நடுவிலோ முதுகிலோ உள்ள குழிகள் அழகுக் குறை மட்டுமே. சவரத்துக்கு அவற்றால் எந்தத் தடையும் இல்லை. வாயிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குள் இருக்கும் ஆழமான குழி வேறு கதை. தீட்டத் தீட்டச் சாய்முகம் அக்குழியை அடையும்போது வாய் அந்த இடத்திற் பொருபொருவென்று உதிரும். வாயில் வெடிப்பு இருந்தால், அது மயிரிழை அளவாயினும், அக்கத்தியைக் காட்சிக்கு வைத்துவிடுங்கள். வெடிப்பை அறிய விரலைப் பயன்படுத்த வேண்டாம். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாயைத் தாண்டி வெளியே போகும்படி மெதுவாக இழுத்தால், வெடிப்போ கொத்தோ உள்ள இடத்தில் பஞ்சிழை சிக்கி நிற்கும்.

முதன்முறையாகச் செய்பவர் குடும்பச் சொத்தில் கைவைக்காமல், பழைய இரும்புக் கடையிற் கிடைக்கும் வேறொரு கத்தியிற் பழகுவது புத்தி. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்தக் கத்தி செத்ததனால்தான் அம்மப்பாவின் கத்தி பிழைத்தது.

வேலைக்கு முன் செய்யவேண்டிய பாதுகாப்பு

கறளேறிய கத்தி மொட்டையானது என்று நம்ப வேண்டாம். கறளுக்கிடையில் ஒரு அங்குலம் கூராக இருந்தாலே போதும். ஆகவே முதல் வேலை, வாயை மொட்டையாக்குவது. கண்ணாடிக் குவளையொன்றைக் கவிழ்த்து, அதன் அடி விளிம்பில் வாயை ஓரிரு தடவை பாரமின்றி இழுத்தால் போதும். எப்படியும் புதிதாகக் கூர் வைக்கத்தானே போகிறோம். அதன் பின்னரும் வாயின்மேல் இன்சுலேஷன் டேப்பை மடித்து ஒட்டிவிட்டு, வாய்ப்பக்கம் வேலை வரும்போது மட்டும் அதை எடுங்கள்.

நிலத்தில் இருந்து, மடியில் வைத்து, கையிற் பிடித்து என்றெல்லாம் செய்யாமல் மேசையில் வைத்துச் செய்யுங்கள். அலகு முழுதாகப் படுக்கக்கூடிய தட்டையான பலகைத் துண்டு ஒன்று வேண்டும். அலகைக் காற்றில் பிடித்துத் தேய்ப்பதுதான் பெரும்பாலான வெட்டுக்காயங்களுக்குக் காரணம். கத்தி கைதவறினால் பிடிக்கப் பாயாதீர்கள், காலை விலக்கிக்கொள்ளுங்கள். முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள். பழைய கத்திகளின் ஆப்பு பல வேளைகளில் ஈயத்தாலானது. சாம்பல் நிறமாக, நகத்தாற் கீறுப்படும் அளவு மென்மையாக இருந்தால் அதனைத் தேய்க்க வேண்டாம். ஈயத் தூசு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. தேய்ப்பதெல்லாம் எண்ணெய் ஈரத்திலேயே நடக்கட்டும், அப்போது தூசு பறக்காது. ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போட்டுப் பத்து வருடம் கடந்திருந்தால் அதையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

கத்தியோடு அதே பெட்டியில் பழைய சவரத் தூரிகையும் கிடைத்தால் அதை முகத்தில் வைக்காதீர்கள். முதலாம் உலகப்போர்க் காலத்தில், சரியாகச் சுத்திகரிக்கப்படாத குதிரை மயிர்த் தூரிகைகளால் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அந்திராக்ஸ் நோய் தொற்றியது பதிவாகியுள்ளது.

அழுக்கும் கறளும் நீக்குதல்

கத்தியை முதலில் மென்மையான பல்துலக்கியாலும் சவர்க்காரத்தாலும் கழுவி, உடனே துடைத்து, நிழலிற் காயவிடுங்கள். ஊறவைக்கக் கூடாது, கொம்புப் பிடி ஈரத்தில் வளைந்துவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக வருவதால் காய்ந்ததும் வெள்ளைப் பொட்டுகளை விடும். கரையோர ஊர்களில் உவரும் சேர்ந்துகொள்ளும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீரோ, வாகனக் கடைகளில் விற்கும் பற்றரித் தண்ணீரோ பயன்படுத்துவது நல்லது.

கறள் இரண்டு விதம். சிவந்து பொடியாக உதிர்வது உயிருள்ள கறள். அது உருக்கைத் தொடர்ந்து தின்னும், எடுத்தே ஆகவேண்டும். கருஞ்சாம்பல் நிறமாக, மேற்பரப்போடு ஒட்டியிருக்கும் படலம் உருக்கின் வயது. அது தீங்கு செய்யாது, ஓரளவு காப்பும் கொடுக்கும். பழைய கத்தியின் அந்த நிறத்தை முற்றாகச் சுரண்டி எடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

சிவப்புக் கறளுக்கு டபிள்யூடி-40 அல்லது தையல் இயந்திர எண்ணெயைத் தடவி ஓரிரவு விடுங்கள். மறுநாள் மரக்குச்சியின் முனையாலோ பித்தளைத் துண்டாலோ மெதுவாகச் சுரண்டினால் மேல் அடுக்கு கழன்று வரும். பித்தளை உருக்கைவிட மென்மையானது, ஆகையால் கீறாது. இதை இரண்டு மூன்று நாட்கள் திரும்பச் செய்தால், அரத்தாள் பிடிக்க வேண்டிய வேலையிற் பாதி குறைந்துவிடும்.

பித்தளைக் குத்துவிளக்கைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிய பழக்கத்தில், பலர் கத்தியையும் தேசிக்காய்ப் புளியிலோ வினாகிரியிலோ போட்டுவிடுகிறார்கள். அமிலம் கறளோடு நின்றுவிடாமல் உருக்கையும் அரிக்கும். அலகு சாம்பல் பூத்து மங்கிப்போகும். மெல்லிய வாய்ப்பகுதியில் அந்த அரிப்பு நுண்குழிகளாக நின்றுவிடும்.

தேய்த்தலும் மினுக்கலும்

ஹார்ட்வெயார் கடைகளில் வோட்டர் பேப்பர் என்று கேட்டால் கிடைக்கும் அரத்தாளே இதற்கு வேண்டியது. இலக்கம் குறையக் குறையத் தாள் கரகரப்பானது, கூடக் கூட மென்மையானது; கற்களுக்கும் அப்படியே. எந்த இலக்கத்திலிருந்து தொடங்குவது என்பதிலேதான் ஆரம்பக்காரர் தவறுகிறார்கள். கறள் அதிகம் என்று நினைத்து 220 இலக்கத் தாளை எடுத்தால், அது போடும் கீறல்களை அழிக்கவே மூன்று நாள் செல்லும். முதலில் 800இல் ஒரு சிறு இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். கறள் அசையாவிட்டால் 600, அதற்கும் அசையாவிட்டால் 400. அதற்குக் கீழே போகவேண்டிய கத்தி, பெரும்பாலும் மினுக்கத் தேவையற்ற கத்தி.

பலகையின்மேல் அலகைப் படுக்கவைத்து, வாய் உங்களுக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி பிடியுங்கள். தாளைச் சிறு தக்கைத் துண்டில் சுற்றி, எண்ணெய் ஒரு துளி விட்டு, அலகின் நீளப்போக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்க்கவேண்டி வந்தால் முதுகிலிருந்து வாயை நோக்கி மட்டுமே கை போகவேண்டும், எதிர்த்திசையில் ஒருபோதும் போகக்கூடாது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் தேய்க்கும் திசையைச் சற்று மாற்றினால், முந்திய இலக்கத்தின் கீறல்கள் முழுவதும் போய்விட்டனவா என்பது வெளிச்சத்தில் தெரியும். போகாமல் அடுத்த இலக்கத்துக்கு மாறினால், கடைசி மினுக்கலில் அந்தக் கீறல்களே முதலில் கண்ணிற் படும். 800, 1000, 1500, 2000 என்று ஏறி, ஒவ்வொரு முறையும் அலகைச் சுத்தமாகத் துடையுங்கள். பழைய தாளின் ஒரு மணல் தங்கினாலும் கீறும். முடிவில் பிராசோ போன்ற உலோக மினுக்கியைப் பருத்தித் துணியில் எடுத்து, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடைத்தால் போதுமான ஒளி வந்துவிடும்.

முதுகில், கல்லிற் படும் தட்டையான பகுதியை அதிகம் தேய்க்காதீர்கள். தீட்டும்போது முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லிற் படிவதால்தான் கோணம் தானாக அமைகிறது. முதுகு ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்தால் அந்தக் கணக்கு முழுவதும் குழம்பும்.

மின்சில்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழகுவதற்கென்று வாங்கிய அந்தக் கத்தியை, பொறுமையின்றி, ஒரு வேலைத்தலத்தில் மினுக்குச் சில்லுக்குக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் கண்ணாடிபோல வந்தது. ஆனால் மூக்குப்பக்கம் வாய் ஓரமாக மயில்நீலக் கீற்று ஒன்று ஓடியிருந்தது. உருக்கு ஏறக்குறைய 220 பாகை செல்சியசில் வைக்கோல் நிறமும் 300 பாகையை அண்மிக்கையில் நீலமும் காட்டும். சவரக்கத்தியின் வாயில் நீலம் தெரிந்தால் அதன் பதம், அதாவது கூரைத் தாங்கும் வன்மை, போய்விட்டதென்று பொருள். அதன்பின் எந்தக் கல்லில் தீட்டினாலும் அந்த அரை அங்குலம் கூர் பிடிக்கவில்லை. சில்லு இன்னொரு வகையிலும் ஆபத்தானது: துணிச் சில்லு வாயைக் கவ்வினால் கத்தியைத் துப்பாக்கிக் குண்டுபோல வீசும். வீட்டில் கையால் மட்டுமே செய்யுங்கள்.

பிடி

பிடியைக் கழற்றாமல் முடியுமானால் கழற்ற வேண்டாம். ஆணியருகே எண்ணெய் ஒரு துளி விட்டு, மெல்லிய துணிநாடாவைப் பட்டைகளுக்கிடையே கோத்து இழுத்து உள் அழுக்கை எடுங்கள். ஆணி தளர்ந்திருந்தால், அதன் ஒரு முனையை இரும்புக் கட்டையில் வைத்து, மறுமுனையைச் சிறு உருண்டைத்தலைச் சுத்தியலால் மிக மெதுவாகப் பல தடவை தட்டினால் இறுகும். பலமாக ஒரு தட்டு தட்டினால் பட்டை பிளக்கும்.

எருமைக் கொம்புப் பிடிக்குத் தேங்காயெண்ணெயை மெல்லிதாகப் பூசி ஓரிரவு விட்டுத் துடைத்தால் உயிர் வரும். பிடியை விரலால் சூடேறத் தேய்த்தபோது கற்பூர வாசம் வந்தால் அது செல்லுலோயிட் என்னும் பழைய பிளாஸ்ரிக். அது மிக எளிதிற் தீப்பற்றும். நெருப்பருகே கொண்டுபோகாதீர்கள், சூடேற்றிய ஊசியாற் சோதிக்கவும் வேண்டாம். முதுமையில் சிதையும் செல்லுலோயிட் அமில வாயுவை வெளிவிடும். அதனால் அலகு உள்ளேயிருந்தே கறளேறும். பிடியில் மேகம் படர்ந்தாற்போல் மங்கலும் வெடிப்பும் தெரிந்தால் அந்தக் கத்தியை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் பிடியை மாற்றிவிடுங்கள். மாற்றுப் பிடிக்குக் கருங்காலியும் முதிரையும் நல்லவை. பனை வைரம் பார்ப்பதற்கு மிக அழகு; ஆயின் நாரோட்டத்திற் சிராய் கிளம்பும் என்பதால் ஓரங்களை நன்கு தேய்த்து எண்ணெய் ஊட்ட வேண்டும். தந்தப் பிடியானால் விற்கவோ வெளிநாட்டு உறவினருக்குத் தபாலில் அனுப்பவோ முயலாதீர்கள். யானைத்தந்த வணிகத்துக்கு எதிராக இலங்கை அரசு 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில் தந்தங்களைப் பகிரங்கமாகவே அழித்தது.

கூர் வைத்தல்

வேலையின் உயிர்நிலை இதுதான். அவசரப்பட்டால் இதுவரை செய்த அனைத்தும் வீண்.

சமையற் கத்திக்குப் பாவிக்கும் கரகரப்பான சாணைக்கல் இதற்கு உதவாது. 1000, 4000, 8000 இலக்கக் கற்கள் மூன்றும், முடிந்தால் 12000 ஒன்றும் வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு இலக்கமுள்ள கற்களை வாங்கினால் செலவு குறையும். கல் தட்டையாக இருக்கவேண்டும்: கல்லின்மேல் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, கண்ணாடித் தகட்டில் விரித்த 400 இலக்க வோட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கோடுகள் எல்லாம் அழியும்வரை சமப்படுத்துங்கள்.

சாய்முகத்தின் இரு பக்கமும் நிரந்தர மை மாக்கரால் கறுப்பாகப் பூசுங்கள். நனைந்த 1000 கல்லில் முதுகும் வாயும் ஒருங்கே படியும்படி கத்தியைப் படுக்கவைத்து, வாய் முன்னே செல்ல, கல்லின்மேல் மெல்லிய தோலொன்றைச் சீவுவதுபோலத் தள்ளுங்கள். கல்லின் முடிவில் முதுகின்மேல் புரட்டி, மறுபக்கமாக உங்களை நோக்கி இழுங்கள்; வாயின்மேல் ஒருபோதும் புரட்டக்கூடாது. கல்லின் அகலம் அலகின் நீளத்தைவிடக் குறைவாதலால், குதியில் தொடங்கி மூக்கில் முடியும்படி சற்றுச் சாய்வாகத் தள்ளவேண்டும். ஐந்தாறு தடவைக்குப் பின்னர் பூதக்கண்ணாடியிற் பாருங்கள். மை அழிந்த இடம் கல்லிற் பட்ட இடம். மை எஞ்சிய இடம் இன்னும் படாத இடம். என் கத்தியில் நடுப்பகுதி பளிச்சென்று தெரிய, மூக்கருகே அரை அங்குலம் கறுப்பு அப்படியே நின்றது. அங்கே விரலால் அழுத்தத் தோன்றியது, அழுத்தினேன், வாய் வளைந்து இன்னும் மோசமானது.

மறுவாரம் சுன்னாகத்தில் நீண்டகாலம் சலூன் நடத்திய முதியவர் ஒருவரிடம் கத்தியைக் காட்டினேன். அவர் வாயை வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, நீங்கள் கல்லோட சண்டை பிடிச்சிருக்கிறியள். கத்தியின்ர பாரம் காணும், கையின்ர பாரம் வேண்டாம். சத்தத்தைக் கேளுங்கோ, கரகரப்பு நிண்டு வழுக்கிற சத்தம் வந்தால் அந்தக் கல்லின்ர வேலை முடிஞ்சுது” என்றார். எந்த இலக்கத்தில் எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, எண்ணிக்கையைவிடச் சத்தமே சரியான அளவுகோல் என்பது அன்றுதான் விளங்கியது.

1000 கல்லில், குதி முதல் மூக்கு வரை ஒவ்வோர் இடமும் முன்கையின் மயிரை வழிக்கும் நிலை வரும்வரை மேலே போகாதீர்கள். சாய்முகம் இங்கே முழுமையடையாவிட்டால் 12000 கல்லும் அதைத் திருத்தாது. அது அமைந்தபின் 4000, 8000 கற்களில் வேலை சுருக்கம். முந்திய கல்லின் கீறல்கள் பூதக்கண்ணாடியில் மறைந்து, சாய்முகம் ஒரே மங்கலற்ற கோடாகத் தெரிந்தால் போதும். விரும்பினால் துணியிலோ தோலிலோ பூசிய பச்சைநிறக் குரோமியம் ஒட்சைட்டில் பத்துத் தடவை, முதுகு முன்னே செல்ல, இழுக்கலாம்.

அடுத்தது தோல் வார். அச்சுப்பதியாத, மழமழப்பான பழைய தோல் இடுப்புப்பட்டி கூட உதவும். அதை இறுக்கமாக இழுத்துப் பிடித்து, கல்லுக்கு நேர்மாறாக, முதுகு முன்னே செல்ல ஐம்பது அறுபது தடவை தீட்டுங்கள். வார் தொய்ந்தால் வாய் உருண்டு மொட்டையாகும். திருப்பும்போது இங்கேயும் முதுகின்மேலேயே புரட்ட வேண்டும். மறந்தால் வாரும் வெட்டுப்படும், வாயும் கெடும்.

தொற்றுநீக்கமும் முதற் சவரமும்

முகத்தில் வைக்குமுன் அலகைச் சவர்க்காரத்தாற் கழுவி, 70 சதவீத அற்ககோலில் நனைத்த பஞ்சால் சுற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள். செல்லுலோயிட் பிடியில் அற்ககோல் படவேண்டாம். வெளிற்றும் திரவம் தொற்றுநீக்கும், ஆனால் உருக்கை ஓரிரவிலேயே கறளாக்கும். கொதிநீர் கொம்பை வளைக்கும். இவ்வளவு செய்தாலும் அந்தக் கத்தி ஒரு முகத்துக்கே உரியது. ஈரலழற்சி பி வைரசு உடலுக்கு வெளியே ஏழு நாட்களாவது உயிர்த்திருக்கக்கூடியது என்பதால், தம்பிக்கோ மருமகனுக்கோ இரவல் கொடுக்காதீர்கள்.

முதல் நாளில் முழு முகமும் வழிக்க எண்ண வேண்டாம். சுடுநீர்த் துவாயால் முகத்தை நனைத்து, நுரை நிறையப் பூசி, கன்னத்தை மட்டும், தோலை மறுகையால் இழுத்துப் பிடித்து, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் மயிர் வளரும் போக்கில் வழியுங்கள். பிடுங்குவதுபோல் இருந்தால் அழுத்தாதீர்கள். கத்தியை மீண்டும் 8000 கல்லுக்குக் கொண்டுபோங்கள். நாடியும் தொண்டையும் சில வாரங்கள் காத்திருக்கலாம்.

வைத்துப் பேணல்

குருநகரிலும் பருத்தித்துறையிலும் கடற்காற்று இரும்புக் கேற்றையே தின்கிறது; சவரக்கத்தி எம்மாத்திரம்? குளியலறையில் வைக்காதீர்கள். சவரம் முடிந்ததும் கழுவி, மெல்லிய துணியால் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடைத்து, சில மணிநேரம் திறந்தபடியே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் காயவிட்டு, பின்னர் மடக்குங்கள். நாளாந்தம் பயன்படுத்தாத கத்திக்குப் பாமசியில் விற்கும் திரவப் பரஃபினை ஒரு துளி தடவலாம். நல்லெண்ணெய் நாட்பட்டாற் பிசினாகும். தோல் உறையில் இட்டு வைப்பது அழகாகத் தெரிந்தாலும் தோல் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டவைக்கும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மாரியில் மூடிய தகரப் பேணியொன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, வாரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அம்மப்பாவின் கத்தியில் நான் எடுக்காமல் விட்ட கருஞ்சாம்பல் படலமும், முதுகருகே மூன்று குழிகளும் இன்னும் இருக்கின்றன. போன மாரியில் ஆணியருகே சிவப்புப் பொட்டு ஒன்று தெரிந்தது. எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்தபோது அது வந்துவிட்டது, அரத்தாள் தேவைப்படவில்லை.